கரம்பை மண்ணோடு வந்த ஆமைகள்

போன மாதம் ஒரு சாயங்காலம் நிவேதா என் வீட்டுக்கு வந்திருந்தார். ஈரோட்டுப் பெண். நான் கள உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆமை ஆராய்ச்சித் திட்டத்தில் இப்போது அவர்தான் கண்மாய் கண்மாயாகச் சுற்றுகிறார். உத்தமபாளையம் பக்கம் வந்தால் என்னை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். அன்றைக்கு அவர் கையில் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்கள். கூண்டு எங்கே, வலை எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்? ஒரு பாட்டில் தண்ணி போதும். லேபுக்கு அனுப்பிட்டா அந்தக் கண்மாய்ல ஆமை இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாங்க. ஆமையோட தோல்ல இருந்து, எச்சத்துல இருந்து உதிர்றது தண்ணியில கலந்திருக்கும்ல, அத வச்சுக் கண்டுபிடிச்சிடறாங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலமெல்லாம் சேற்றில் இறங்கி முழங்கால் தேய்ந்தவன் நான். பிள்ளைகளாவது கால் நனையாமல் வேலை பார்க்கட்டுமே. சும்மா ஒரு பேச்சுக்கு, எந்த மாதம் தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் என்றார்.

"வத்துன பெறகு?"

நிவேதா சிரித்துவிட்டார். "வத்தின பிறகு தண்ணி ஏது சார் எடுக்கறதுக்கு?"

எனக்குப் பகீரென்றது. எனக்கு மேலதிகாரியாக இருந்த பிலோமினா மேடமும் நானும் எந்தப் பள்ளத்தில் விழுந்தோமோ அதே பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டு இந்தப் பெண் சிரிக்கிறாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்கு பஸ் நேரம் வந்துவிட்டது. அவர் போன பிறகு டீ கிளாஸை எடுக்க வந்த என் மனைவி மைமூன், "அந்தப் புள்ளைக்கு இத எழுதிக் குடுத்துருங்களேன். எங்கிட்டயே எத்தன வாட்டிதான் சொல்லுவீக?" என்றாள். நியாயமான பேச்சு. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. படிப்பு பாதியில் நின்றது, பெரியகுளத்தில் ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்று வாடகைக் கட்டடத்தில் திறந்தார்கள், சைக்கிள் ஓட்டவும் நீந்தவும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். என்ன ஆராய்ச்சி என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. மைமூனைப் பெண் கேட்டுப் போனபோது என் மாமனார் முகம் சுருங்கிவிட்டது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் வெளங்காதும்பாக. மாப்ள ஆமையப் புடிக்கிற வேலையில்ல பாக்குறாரு?" என்றார். எங்கள் பெரியத்தா, என் அத்தாவுக்கு அண்ணன், உடனே, "அமீனா வேல பாக்குற பய ஒருத்தன் எங்க வீட்டுல இருக்கான், அவனுக்கு வேணாப் பேசி முடிப்பமா?" என்று கேட்டார். மாமனார் ஜப்திக்குப் போகிற அமீனாவுக்கு ஆமைக்காரனே தேவலை என்று சம்மதித்துவிட்டார். அமீனா வேலையில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் கண்மாய்களில் முக்கியமாக இரண்டு ஆமைகள். ஒன்று காராமை. கறுத்த, கெட்டியான ஓடு. இன்னொன்று பாலாமை. ஓட்டின் விளிம்பு மெத்தென்று தோல் மாதிரி இருக்கும், தொட்டால் அடிப்பக்கத்து மடல்களை மூடிக்கொண்டு பெட்டியாகிவிடும். எங்கள் ஆராய்ச்சி பெரும்பாலும் பாலாமையைப் பற்றியது. ஒரு காலத்தில் மடையடியில் துணி துவைக்கிற பெண்கள் காலால் எத்தி விரட்டுகிற அளவுக்குக் கிடந்த பிராணி, வரவரக் குறைந்துகொண்டே போனது. ஏன் குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு இட்ட வேலை.

வேலை முறையைச் சொல்கிறேன். கூண்டு என்பது இரும்பு வளையங்கள் மேல் நைலான் வலை போர்த்தியது. வாய் புனல் மாதிரி உள்ளே குறுகிப் போகும். உள்ளே ஆட்டு ஈரலைத் துணியில் முடிந்து கட்டுவோம். கூண்டை முழுக்க முக்கக் கூடாது. ஆமை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும், அதனால் காலி கேன்களைக் கட்டி மேல்பாகம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி மிதக்கவிடுவோம். காலையில் கூண்டைத் திறந்து, ஆமையை அளந்து, துணிப்பையில் போட்டு நிறுத்து, தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சில்லை ஊசியால் ஏற்றி, எடுத்த இடத்திலேயே விடுவோம். அடுத்த முறை அதே ஆமை கிடைத்தால் கருவியைக் காட்டினால் அதன் எண் தெரியும். கிடைக்கவே கிடைக்காவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்திருந்தோம்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் கூண்டு வைக்க முடியாது. அப்போது எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து ஜீப்பில் ஏற்றிவிடுவோம். கோடை முழுக்க ஆபீஸ் வேலை. வலை பொத்தல் அடைப்பது, அறிக்கை எழுதுவது, மின்விசிறிக்கு அடியில் உட்கார்வது. கண்மாய் வற்றினால் ஆமை ஆற்றுக்குப் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனதில் ஊறிய விஷயம். காராமை ரோட்டைக் கடந்து போவதை நாங்களே பலமுறை பார்த்திருக்கிறோம். பாலாமை போவதை யாரும் பார்த்ததில்லை. அதுவும் போகும் என்று வைத்துக்கொண்டோம்.

பிலோமினா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்த பிறகு வேலையில் ஒரு ஒழுங்கு வந்தது. ராயப்பன்பட்டிக்காரர். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண், சேற்றுக்குக் கூச்சப்படமாட்டார். அவரிடம் சில பழக்கங்கள் உண்டு. ஆமையை மல்லாத்திப் போட்டு அளக்க யாரையும் விடமாட்டார். அடிப்பக்கம் பார்க்கவேண்டும் என்றால் ஆமையைத் தலைக்கு மேலே தூக்கி, தான் அண்ணாந்து பார்ப்பார். மேலே ஒண்ணுக்குப் போய்விடும், முகத்தைத் துடைத்துக்கொண்டு அளவைச் சொல்வார். கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வோம்.

அறிக்கையில் 'இந்தக் கண்மாயில் ஆமை இல்லை' என்று எழுதினால் அடித்துவிடுவார். "நமக்குக் கெடைக்கலன்னு எழுதுங்க பாய். இல்லன்னு சொல்றதுக்கு நாம யாரு?" என்பார். அப்படிப்பட்டவரும் வருஷத்துக்கு வருஷம் சோர்ந்துபோனார். ஒரு கண்மாயில் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். மறு வருஷம் மழை பெய்து, தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கும், ஆனால் கூண்டில் கெளுத்தி மீன்தான் இருக்கும். மூலத்துக்கு மருந்து என்று ஆமைக்கறி தின்கிறவர்கள் காரணம் என்று எழுதினோம். மீன் குத்தகைக்காரர்களின் வலை காரணம் என்று எழுதினோம். திராட்சைத் தோட்டங்களுக்கு அடிக்கிற மருந்து காரணம் என்றும் எழுதினோம். எதுவும் பொய்யில்லை. ஆனால் இருந்ததெல்லாம் ஒரே வருஷத்தில் துடைத்தாற்போல் காணாமல் போவதற்கு அவையெல்லாம் போதுமா என்று மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊர்க்காரர்களிடமும் விசாரித்தோம். தோட்டந்தோட்டமாகப் போய், உங்கள் நிலத்தில் ஆமை வருவதுண்டா என்று கேட்போம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் இல்லை என்றார்கள். கேள்வியை முடிக்குமுன்பே சிலர் இல்லை என்றார்கள். அதையும் நம்பினோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் ரேடியோ கருவிகள் வந்தன. ஆமையின் முதுகில் பசை வைத்து ஒட்டினால் அது இருக்குமிடத்திலிருந்து பீப் பீப் என்று சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்துத் திருப்பினால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். ஆமை எந்த வழியாக ஆற்றுக்குப் போகிறது என்று வரைபடம் போட வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. ஒத்தப்புளிக் கண்மாய் என்று ஒன்று. அந்த வட்டாரத்தில் பாலாமை கொஞ்சமாவது மிச்சமிருந்தது அங்கேதான். சில ஆமைகளுக்கு ஒட்டி விட்டோம்.

கண்மாய் வற்றிக்கொண்டே வந்தது. பீப் சத்தம் கண்மாய்க்குள்ளேயே இருந்தது. முழுக்க வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்தது. அப்போதும் சத்தம் கண்மாய்க்குள்ளேயே, அசையாமல், சன்னமாகக் கேட்டது. வெடித்த தரையில் நின்று பார்த்தால் ஒரு ஓணானைக்கூடக் காணோம்.

"கருவி கழண்டு விழுந்திருச்சு மேடம். ஆமை ஆத்துக்குப் போயிருக்கும்" என்றேன்.

மேடமும் பசையைத்தான் குறை சொன்னார். கருவி விலைகூடிய சாமான், மழைக்கு முன்னால் தேடி எடுத்துவிடவேண்டும் என்று முடிவு செய்தோம். ஆமை காலுக்கடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை படித்தவர்களும் அனுபவஸ்தர்களும் சுற்றி நின்று, பசை சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். 

அந்தக் கோடையில்தான் ஒத்தப்புளிக் கண்மாயைத் தூர்வார அனுமதி கிடைத்தது. பாசன விவசாயிகள் பல வருஷமாக மனு போட்டுக் காத்திருந்த காரியம். சங்கத் தலைவர் முத்தையா அண்ணன் நல்ல மனுஷன், நாங்கள் கூண்டு வைத்த காலமெல்லாம் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பியவர். அவரே ஆபீசுக்கு வந்து மேடத்தை அழைத்தார். கண்மாய் ஆழமானால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் ஆமைக்கும் நல்லதுதானே என்று மேடம் சந்தோஷமாகப் போனார். கரையில் பந்தல். ஜேசிபிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மேடத்துக்குச் சால்வை போர்த்தி, பச்சைக் கொடியைக் கையில் கொடுத்தார்கள். நான்தான் கைதட்டலை ஆரம்பித்து வைத்தேன். இயந்திரம் முதல் வாய் மண்ணை அள்ளியது.

இரண்டு மூன்று நாள் கழித்து, கருவிகள் மண்ணோடு போய்விடுமுன் எடுத்துவிடலாம் என்று மேடமும் நானும் ஜீப்பில் போனோம். கரையில் நிறுத்திவிட்டு ஆன்டெனாவைத் தூக்கினேன். பீப் சத்தம் நன்றாகக் கேட்டது. கண்மாய்ப் பக்கம் இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். பிறகு ரோட்டுப் பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது.

"மேடம், ஆமை ஓடுது" என்றேன்.

"வெயில்ல நின்னு உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா பாய்?" என்று ஆன்டெனாவை வாங்கினார். அவர் கையிலும் அது ரோட்டோடு ஓடியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. உலகத்தில் இப்படி ஓடுகிற ஆமையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று ஜீப்பை எடுத்தோம். முன்னால் கரம்பை மண், அதாவது தோட்டங்களுக்கு உரமாக அடிக்கிற கண்மாய் வண்டல், ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை முந்தினேன். சத்தம் பின்பக்கம் போயிற்று. மறுபடி பின்னால் வந்தேன். சத்தம் முன்பக்கம் வந்தது.

சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. மேடம் மெதுவாக, "பாய், அந்த டிராக்டர மறிங்க" என்றார். நான் ஹாரன் அடித்தேன், கையைக் காட்டினேன். டிரைவர் பாட்டுப் போட்டிருந்தான், கேட்கவில்லை. அதற்குள் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் திரும்பி, நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் மண்ணைக் கொட்டிவிட்டான்.

கைகளால்தான் தோண்டினோம். மேடம் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஈரமான, கறுத்த, நல்ல மண். சத்தம் காதைப் பிளந்தது. கருவி கையில் அகப்பட்டது. அது எங்கேயும் கழன்று விழவில்லை. நாங்கள் ஒட்டிய இடத்தில், முதுகில், அப்படியே இருந்தது. ஓடு மட்டும் இரண்டாக இருந்தது. ஜேசிபியின் பல் நடுவில் இறங்கியிருந்தது. ஒரு பாதியில் கால் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் அப்படியே மண்மேல் உட்கார்ந்துவிட்டேன்.  ஆற்றுக்குப் போனதாக நாங்கள் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆமை, எங்கேயும் போகாமல், வற்றிய கண்மாயின் மண்ணுக்குள்ளேயே மூச்சை அடக்கி மழைக்குக் காத்துத் தூங்கியிருக்கிறது. நாங்கள் கூண்டைக் கழுவிக் காயவைத்து, வேலை முடிந்தது என்று போன இடத்தில்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் தங்கராசு ஓடிவந்தார். ஆமையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. எங்களை வனத்துறை என்று நினைத்திருக்க வேண்டும். "நாங்க ஒண்ணும் பண்ணல சார். மண்ணோட வந்துருது" என்றார்.

மேடத்தின் குரல் மிகவும் இறங்கிவிட்டது. "இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "லோடுக்கு ஒண்ணு ரெண்டு வரும். உசுரோட இருந்தாலும் தோட்டத்துல போட்டு வைக்க முடியுமா மேடம்? ஆமை புகுந்தா ஆகாதும்பாக. வேலிக்கு அங்கிட்டுத் தூக்கிப் போட்டுட்டு, ஒரு சூடத்தப் பொருத்தி வச்சிருவோம்."

"போன வருசம் நாங்க வந்து கேட்டமே. ஆமை வருதான்னு. இல்லன்னு சொன்னீகளே."

"பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கிட்டிருந்த நேரம் மேடம். எங்க நெலத்துல ஆமை வந்துச்சுன்னு வெளிய சொல்ல முடியுமா? ஊருக்குள்ள எவன்தான் சொல்லுவான்?"

வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அதை அதிகம் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடுகள். புதுசும் பழசுமாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தன. பழையவை வேறு கண்மாய் மண்ணில், வேறு வருஷங்களில் வந்தவை என்றார் தங்கராசு. மேடம் சில்லின் எண்ணைப் படிக்கிற கருவியை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். சிலவற்றில் கருவி சத்தம் கொடுத்தது. நாங்கள் ஏற்றிய சில்லுகள். காணாமல் போனவை என்று அறிக்கையில் எழுதப்பட்ட ஆமைகள் அங்கே முகவரியோடு கிடந்தன.  சின்ன வயதிலிருந்து கேட்டுச் சிரித்த ஒரு சொலவடை, இத்தனை பேர் வாயைக் கட்டி வைத்திருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கண்மாய்க்குத் திரும்பினோம். பாதி தோண்டியாகிவிட்டது. மேற்குப் பாதி மிச்சம். மேடம் ஜேசிபியின் முன்னால் போய் நின்றுகொண்டார். முத்தையா அண்ணன் கரையிலிருந்து இறங்கி வந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், நீங்கதான கொடியாட்டி ஆரம்பிச்சு வச்சீக" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஆமாண்ணே. தெரியாம ஆட்டிட்டேன்."

"அணையில தண்ணி தொறக்குறதுக்குள்ள முடிச்சாகணும். விட்டா இன்னும் எத்தன வருசமோ. அம்புட்டு சம்சாரிக்கும் நான்ல பதில் சொல்லணும்? ஆமைக்காக நிப்பாட்டுனோம்னு சொன்னா என்னயக் கல்லால அடிப்பாக."

"நிப்பாட்ட வேணாம். ரெண்டு நாள் குடுங்க. நாங்க எடுத்துக்கிட்டுப் போயிர்றோம்."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா மறுப்பா என்று தெரியாத ஆட்டல். சுற்றி நின்ற விவசாயிகள் முணுமுணுத்தார்கள். ஜேசிபி ஆபரேட்டர் இன்ஜினை அணைக்கவில்லை. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்பில்தான் அந்த யோசனை வந்தது. சத்தமாகவே சொன்னேன்.

"அண்ணே, தோண்டுங்க. எங்களுக்கென்ன? ஆனா ஒண்ணு. இந்த மண்ணு யார் யார் தோட்டத்துக்குப் போகுதோ, அங்கனல்லாம் ஆமையும் சேந்துதான் போகும். எந்த வீட்டுக்கு எத்தன ஆமை போச்சுன்னு நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நாளைக்கு டீக்கடையில நாலு பேர் கேட்டா, மறைக்காமச் சொல்லிருவேன்."

 கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவர், "ரெண்டு நாள் தான முத்தையா, குடுத்துட்டுப் போயேன்" என்றார். இன்னொருவர் ஆபரேட்டரைப் பார்த்து, "ஏலே, அத அமத்துறா" என்றார். முத்தையா அண்ணன் என்னை முறைத்தார், பிறகு அந்த நிலைமையிலும் லேசாகச் சிரித்துவிட்டார். "ஆத்தாடி, பாய் பெரிய வெவகாரமான ஆளால்ல இருக்காரு" என்றார். அத்தனை வருஷம் எங்கள் வேலைக்குக் குறுக்கே நின்ற சொலவடை அன்றைக்கு ஒரு தடவை எங்களுக்காக வேலை செய்தது.

மறுநாள் காலையில் நாங்கள் எதிர்பார்க்காத கூட்டம். தங்கள் தோட்டத்துக்கு ஆமை வந்துவிடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கம்போடு வந்திருந்தார்கள். மேடம் ஒவ்வொரு கம்பின் முனையையும் தடவிப் பார்த்து, கூர்மையாக இருந்ததை மழுக்கச் சொன்னார். மேற்குக் கரையோரம் கருவேல மரங்களின் நிழல் விழுகிற பக்கத்தில் வரிசையாக நின்றோம். மேலே ஒரு முழம் காய்ந்த பாளம். அதைப் பெயர்த்து, அடியில் இருக்கிற ஈர மண்ணில் கம்பை மெதுவாக இறக்க வேண்டும். மண் என்றால் வழுவழுவென்று இறங்கும். கல் என்றால் 'ணங்' என்று கையில் அதிரும். ஆமை என்றால் தேங்காய் மூடியைத் தொட்டதுபோல் ஒரு மந்தமான தட்டல். முதல் தட்டல் என் கம்பில்தான் விழுந்தது. தோண்டி எடுத்தேன். மடல்களை இறுக மூடிக்கொண்டு, குளிர்ந்து, கனமாக இருந்தது. மேடம் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மடல் லேசாகத் திறந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. முந்தின நாள் வரை ஆமை என்ற பேரையே சொல்லத் தயங்கியவர்கள், தோட்டத்தில் இல்லாமல் கண்மாயில் அகப்பட்டதால் பயம் விட்டுப்போய், புதையல் எடுக்கிற மாதிரி தேட ஆரம்பித்தார்கள். இங்கன ஒண்ணு, இங்கன ரெண்டு என்று குரல்கள். நனைத்த சாக்கில் போட்டு ஆற்றின் ஆழமான மடுவுக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினோம். ஒரு சாக்கு நிறைந்தது. இன்னொன்று நிறைந்தது. மதியத்துக்குள் சாக்கு போதாமல் முத்தையா அண்ணன் வீட்டிலிருந்து உரச் சாக்குகளைக் கழுவிக் கொண்டுவந்தார்கள். கையகலக் குட்டிகளும் வந்தன. தண்ணீர் தளும்பிய காலத்தில் அத்தனை கூண்டு வைத்து நாங்கள் பிடித்ததைவிட அதிகம் அந்தக் காய்ந்த பாதியில் இருந்தன.

நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மேடத்தைத் தேடினேன். அவர் கரைமேல் ஏறி, கிழக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அங்கே தோண்டி முடித்த பாதி, செவ்வகமாகச் செதுக்கி, சுத்தமாகக் கிடந்தது. அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டத்தான் போனேன்.

"அந்தப் பாதியிலயும் இப்படித்தான பாய் இருந்திருக்கும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஆமை கிடைக்கும்போதும் கீழே எல்லோரும் சத்தம் போட்டார்கள். மேடம் அந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பக்கத்தில் ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், வேறு ஒரு கண்மாயின் பேரைச் சொன்னார்.

"சின்னமடை?"

"அது முந்துன கோடையில தூர்வாருனாக மேடம்."

"கருப்பன் கண்மாய்?"

"அதுக்கும் முந்துன வருசம்."

"தாமரைக் கண்மாய். அதுலதான் ஒரே வருசத்துல அம்புட்டும் காணாமப் போச்சு. மருந்துதான் காரணம்னு நான் எழுதுனேன்."

தாமரைக் கண்மாய் மண் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போனது என்று எனக்குத் தெரியும். அந்த டிராக்டர்கள் வரிசையாகப் போக நான் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். மேடத்தின் கண்கள் நிறைந்துவிட்டன. அழுகையை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை.

"தூர்வாராமலே ஆமை இல்லாமப் போன கண்மாய் ஒண்ணு சொல்லுங்க பாய். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்."

யோசித்தேன். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் நான் கால் வைக்காத கண்மாய் கிடையாது. ஒவ்வொன்றாக மனதில் இறங்கி ஏறிப் பார்த்தேன். மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். என் வாயில் ஒரு பேர்கூட வரவில்லை. கீழே யாரோ ஒரு பெண், "இந்தா, இங்கன ஒண்ணு" என்று கூப்பிட்டாள்.